மாத்திரை, தூக்கம், மனசு... முயலகனை அடக்கும் மூன்று! - வலிப்பு நோயைப் பற்றி ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிதம்பரம் நடராஜர் முன்னால் நிற்கும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அந்தத் தூக்கிய திருவடிக்குத்தான். ஊன்றிய பாதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதன் கீழே குள்ளமாக ஓர் உருவம் கிடக்கும். அவன்தான் முயலகன். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் 'அபஸ்மாரம்' என்றுதான் பெயர். தமிழ் அகராதியைப் புரட்டினால் 'முயலகன்' என்ற சொல்லுக்கும் வலிப்பு நோய் என்ற பொருள் இருக்கிறது.

பெரியபுராணத்திலும் இந்த நோய் வருகிறது. கொல்லி மழவன் என்ற மன்னனின் மகளுக்கு முயலக நோய். எத்தனையோ வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. நினைவிழந்து கிடந்த மகளை, திருச்சிக்கு அருகே இருக்கும் திருவாசி கோயிலில் கொண்டுவந்து கிடத்துகிறான். அங்கே வந்த சம்பந்தர் பதிகம் பாட, அந்தப் பெண் எழுந்தாள் என்கிறது புராணம். சேக்கிழார் அந்தப் பெரியபுராணத்தை அரங்கேற்றிய இடம், சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம்.

இந்தக் கதையில் ஒரு விஷயம் முக்கியம். மகளின் நோயை அந்தத் தகப்பன் மறைக்கவில்லை. ஊரே வந்துபோகும் இடத்துக்குக் கொண்டு வந்தான். இன்று எத்தனை வீடுகளில் அந்தத் தைரியம் இருக்கிறது?

கையில் சாவி, வாயில் ஸ்பூன்

எந்த ஊர் பேருந்து நிலையத்திலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. நின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் திடீரென விழுகிறார். கை கால் வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே ஸ்பூனை நுழைக்கப் பார்க்கிறார். மூன்றாமவர் செல்போனில் வீடியோ எடுக்கிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் வலிப்பு நின்றுவிடுகிறது. 'சாவி கொடுத்ததும் நின்னுடுச்சு பாரு' என்று கூட்டம் கலைந்துபோகிறது.

பெரும்பாலான வலிப்புகள் தானாகவே சில நிமிடங்களில் நின்றுவிடும் என்பதுதான் உண்மை. சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். மூளையில் உள்ள நரம்பு செல்கள் மின் சமிக்ஞைகள் மூலம்தான் பேசிக்கொள்கின்றன. அந்த மின்னோட்டம் சில நொடிகளோ சில நிமிடங்களோ கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. அதை இரும்பு இழுத்துக்கொள்ளாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் 80 சதவிகிதம் பேர் ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 1,000 பேரில் சுமார் 4 பேருக்கு வலிப்பு நோய் இருப்பது தெரியவந்தது. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகை சுமார் 26 லட்சம். வேலூர் கணக்கை அப்படியே பொருத்திப் பார்த்தால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் 10,000 பேர் வருவார்கள். நம் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதே வேலூர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. வலிப்பு இருந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம், மூளையில் தங்கியிருந்த நாடாப்புழுவின் லார்வா. 'நாங்கள் சுத்த சைவம்' என்பவர்களுக்கும் இது வரும். புழுவின் முட்டைகள் கழுவாத கீரை, காய்கறி, சுத்தமில்லாத தண்ணீர், கழுவாத கை வழியாக உள்ளே போகின்றன. கையைக் கழுவுவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும் வலிப்பு நோய்த் தடுப்பும்தான்!

தூங்க முடியாத டாக்டர் கண்டுபிடித்த மருந்து

வலிப்புக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள, 1912-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர் இருந்தார். வலிப்பு நோயாளிகள் இருந்த வார்டை ஒட்டியே அவரது அறை. இரவெல்லாம் அவர்களுக்கு வலிப்பு வர, இவருக்குத் தூக்கம் கெட்டது. அப்போது புதிதாக வந்திருந்த ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் என்பார்கள். அவர்கள் தூங்கினார்கள் என்பதைவிட முக்கியமான ஒன்றை அவர் கவனித்தார். வலிப்பு வருவதே குறைந்திருந்தது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்த மருந்து பயன்பாட்டில் இருக்கிறது. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் வலிப்பு மருந்துகளில் அதுவும் ஒன்று.

மனநல மருத்துவத்துக்கும் இதில் பங்கு உண்டு. மனித மூளையின் மின் அலைகளை 1924-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். இன்று வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கும் ஈ.ஈ.ஜி பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான்.

ஈ.ஈ.ஜி எடுக்கச் சொல்லும்போது சில மருத்துவர்கள், 'முந்தின ராத்திரி தூங்காமல் வாங்க' என்று சொல்வதுண்டு. பலருக்கு இது விநோதமாக இருக்கும். தூக்கம் கெட்ட மூளையிலும், தூக்கம் பிடிக்கும் நேரத்திலும் வலிப்புக்கான அலைகள் எளிதில் வெளிப்படும் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். பரிசோதனைக்கு உதவுகிற அதே விஷயம்தான் வீட்டில் ஆபத்தாகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குக்கூட, தொடர்ந்து தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம்.

காலையில் டம்ளர் கைநழுவுகிறதா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி... இந்த வயதில் தலைகாட்டும் ஒரு வகை வலிப்பு உண்டு. காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கை, தோள் 'வெடுக்'கென்று உதறும். காபி டம்ளர் கைதவறி விழும். பல் துலக்கும்போது பிரஷ் எகிறிப்போகும். 'என்ன கவனம் உனக்கு?' என்று அம்மா திட்டுவார். பிள்ளையும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. பிறகு தேர்வுக்காக ராத்திரி முழுக்கக் கண்விழித்த ஒரு மறுநாள் காலையில், முழு வலிப்பு வந்து விழும்போதுதான் வீடே அதிரும்.

ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் டீட்டர் யான்ஸ் 1950-களில் இந்த வகையைத் தெளிவாக விவரித்தார். சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். ஆனால், மருத்துவரிடம் 'ஒரு தடவை வலிப்பு வந்தது' என்று மட்டும் சொல்லி, காலை உதறலைச் சொல்லாமல் விட்டால், மருந்துத் தேர்வே மாறிப்போகலாம். வேறு சில வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் சில, இந்த உதறலை அதிகப்படுத்திவிடும்.

இன்னும் சிலருக்குத் தூக்கத்தில் மட்டுமே வலிப்பு வரும். யாருக்கும் தெரியாது. காலையில் நாக்கில் கடிபட்ட காயம், படுக்கை நனைந்திருப்பது, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி... இவைதான் தடயங்கள். இரவு வலிப்பு கட்டுப்படாமலே இருந்தால், அரிதாகத் தூக்கத்திலேயே உயிர் போகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் 'ராத்திரியில்தானே வருது, பரவாயில்லை' என்று விட்டுவிடக் கூடாது.

குறட்டையையும் கவனிக்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ளவர்களை அமெரிக்காவில் பரிசோதித்து 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்றில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை இருந்தது. அதைச் சரிசெய்தால் சிலருக்கு வலிப்பும் குறைகிறது. சத்தமாகக் குறட்டை விடுபவர், நடுவில் மூச்சு நின்று திணறுபவர், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுபவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பறிக்கும் கடலூர் வாழ்க்கை

'எட்டு மணி நேரம் தூங்குங்கள்' என்று சொல்வது எளிது. கடலூர் மாவட்டத்தில் அது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு விடிவதற்கு முன்பே நாள் தொடங்கிவிடும். நெய்வேலியில் சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகலாக ஷிப்ட் முறையில் ஓடுகின்றன. கடலூர் சிப்காட் தொழிற்சாலைகளிலும், மருத்துவமனைகளிலும், காவல் நிலையங்களிலும் இரவுப் பணி உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதிகளில் தேர்வுக் காலத்தில் விளக்கு அணைவதில்லை. சிதம்பரத்தில் மகா சிவராத்திரி என்றால் விடிய விடிய கண்விழிப்பு.

இவை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்பதல்ல. வலிப்பு உள்ளவர் தன் வேலை நேரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால், மாத்திரை நேரத்தை அதற்கேற்ப அமைத்துத் தருவார். மாறி மாறி வரும் ஷிப்டைவிட நிலையான ஒரே ஷிப்ட் நல்லது. கடலுக்குத் தனியாகப் போகாமல் துணையோடு, லைஃப் ஜாக்கெட் அணிந்து போவது நல்லது. வலிப்பு கட்டுப்படாத காலத்தில் கடலே வேண்டாம். சிவராத்திரிக்கு முதல் கால பூஜையைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது!

இங்கே புயல், வெள்ளம் வேறு. 2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 வெள்ளம் என்று இந்த மாவட்டம் கண்ட பேரிடர்கள் கொஞ்சமல்ல. முகாமில் தூக்கம் இருக்காது, மாத்திரை வீட்டோடு தண்ணீரில் போயிருக்கும், மனதில் பயம். வலிப்பைக் கிளப்ப இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும்போதே குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரையையும், மருந்துச் சீட்டின் நகலையும் தண்ணீர் புகாத கவரில் போட்டு, எடுக்கத் தோதான இடத்தில் வைத்துவிடுங்கள்.

வலிப்பு நின்றது... மனசு?

பல நோயாளிகளிடம் மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 'கடைசியா எப்ப வந்துச்சு?' வரவில்லை என்றால் அதே மாத்திரை, அடுத்த மாதம் வாருங்கள். 'மனசு எப்படி இருக்கு?' என்ற கேள்விக்குக் கூட்டத்தில் நேரம் இருப்பதில்லை.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான ஆராய்ச்சி, வலிப்பு உள்ளவர்களில் சுமார் 23 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் காட்டியது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். 'நோய் வந்தா கவலை வரத்தானே செய்யும்' என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐஸ்லாந்தில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்பாடு வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்று காட்டியது. அதாவது, இது இரண்டு பக்கமும் போய்வரும் பாதை. மனசு சரியில்லை என்றால் தூக்கம் போகும். தூக்கம் போனால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் மனசு இன்னும் உடையும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

டென்மார்க்கில் 2007-ல் வெளியான ஆய்வு, வலிப்பு உள்ளவர்களிடம் தற்கொலை ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்றது. நோய் என்று தெரியவந்த முதல் ஆறு மாதங்களில் அது இன்னும் அதிகம். வீட்டில் உள்ளவர்கள் அதிகம் அருகில் இருக்க வேண்டிய காலம் அதுதான். 'என்னால எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு வந்தால், அதைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள்.

சில நேரம் மருந்தே மனநிலையை மாற்றும். லெவெட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் உண்டாக்கும். ஃபீனோபார்பிட்டால் சிலருக்கு மந்தத்தையும் சோர்வையும் தரும். 'இவர் முன்னே மாதிரி இல்லை' என்று மனைவியோ அம்மாவோ சொன்னால், அதை மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

வலிப்பு மாதிரியே தெரிந்து, வலிப்பு அல்லாத ஒன்றும் உண்டு. மனதின் தாங்க முடியாத அழுத்தம் உடம்பில் இழுப்பாக வெளிப்படும். ஈ.ஈ.ஜி-யில் வலிப்பு அலைகள் இருக்காது. 'நடிக்கிறா' என்று வீடு சொல்லும். 'காத்து கருப்பு' என்று தெரு சொல்லும். இரண்டுமே இல்லை. அவர் வேண்டுமென்று செய்வதல்ல அது. வலிப்பு மாத்திரையால் இது சரியாகாது. மனநல சிகிச்சையால் சரியாகும். இங்குதான் அந்த செல்போன் வீடியோவுக்கு நல்ல பயன் உண்டு. குடும்பத்தினர் எடுத்த ஒரு நிமிட வீடியோ, மருத்துவர் இரண்டையும் பிரித்தறிய மிகவும் உதவும்.

கல்யாணமும் மறைத்து வைத்த மாத்திரையும்

பெண்களுக்கு இந்த நோய் இரட்டைச் சுமை. 'கல்யாணம் ஆகுற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது' என்று மறைக்கப்படும். புகுந்த வீட்டில் மாத்திரையைப் பார்த்துவிடுவார்களோ என்று அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் ஒளித்து வைப்பார்கள். ஒளிக்க முடியாத நாளில் மாத்திரை நின்றுபோகும். புது இடம், குறைந்த தூக்கம், உள்ளுக்குள் பயம், மாத்திரையும் இல்லை. பிறகு ஒருநாள் அடுப்படியில் வலிப்பு வரும்.

இந்தப் பயத்துக்குச் சட்டமும் ஒரு காலத்தில் காரணமாக இருந்தது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், திருமணத்துக்குத் தடையான நிலைகளில் வலிப்பு நோயும் மனநோயோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தது. 1999-ல் கொண்டுவந்த திருத்தம் 'வலிப்பு' என்ற சொல்லை இரண்டு சட்டங்களிலிருந்தும் நீக்கியது. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பெண் பார்க்க வருபவர்களின் மனசு மாற வேண்டியிருக்கிறது.

குழந்தை? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து தொடர்ந்து கண்காணித்து வருகிறது. இவர்களில் பெரும்பாலானோர் ஆரோக்கியமான குழந்தைகளையே பெற்றெடுக்கிறார்கள். ஆனால், முன்கூட்டியே திட்டமிடுவது அவசியம். வால்ப்ரோயேட் போன்ற மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. எனவே கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, தேவையானால் மருந்தை மாற்றி, ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையைச் சட்டென நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு, இரவில் ஒரு வேளையாவது குழந்தையைக் கணவரோ மாமியாரோ பார்த்துக்கொண்டு, தாயைத் தூங்கவிட வேண்டும். அந்த நான்கு மணி நேரத் தூக்கமும் மருந்துதான்.

வலிப்பு வந்தால்... செய்ய வேண்டியவை, கூடாதவை

* நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.
* முதன்முறையாக வலிப்பு வந்தவர், கர்ப்பிணி, தண்ணீரில் விழுந்தவர், தலையில் அடிபட்டவர் என்றால் காத்திருக்க வேண்டாம்.
* அருகில் உள்ள கூர்மையான பொருள், அடுப்பு, வாகனம் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு கொடுங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள்.
* இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியட்டும்.
* வாயில் ஸ்பூன், துணி, விரல், தண்ணீர், மாத்திரை எதையும் வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும்.
* கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவி, வெங்காயம், செருப்பு எதுவும் தேவையில்லை.
* முழுத் தெளிவு வரும்வரை உடன் இருங்கள். கண் விழிக்கும்போது அவர் முதலில் பார்ப்பது ஆறுதலான ஒரு முகமாக இருக்கட்டும்.

எங்கே போவது?

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகச் செயல்படுகிறது. கடலூரிலிருந்து சற்றுத் தொலைவில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல ஆலோசனை பெறலாம். நேரில் போகத் தயங்குபவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், முந்தைய நாள் எத்தனை மணிக்குத் தூங்கினார், மாத்திரை விட்டுப்போனதா, மனசு எப்படி இருந்தது... ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். ஒரு மாதக் குறிப்பு இருந்தால், எது வலிப்பைக் கிளப்புகிறது என்பது மருத்துவருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே புரியும்.

தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவற்றில் சிலவற்றைப் பழகிவிட்டுச் சட்டென நிறுத்தினாலே வலிப்பு வரும். அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தும்போதும் அடுத்த ஓரிரு நாட்களில் வலிப்பு வரலாம். குடியை நிறுத்துவது நல்லதுதான், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

சரியாகக் கண்டறிந்து சிகிச்சை எடுத்தால், வலிப்பு நோயாளிகளில் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்தவர்களில் பலருக்கு, மருத்துவர் ஆலோசனையோடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும் முடிகிறது. சிலர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுவதில்லையா, அதுபோலத்தான்.

சிதம்பரத்தில் முயலகனை நடராஜர் கொன்றுவிடவில்லை. காலடியில் அடக்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆட்டம் நிற்காமல் நடக்கிறது. வேளை தவறாத மாத்திரை, கெடாத தூக்கம், கேட்க ஆள் இருக்கும் மனசு... இந்த மூன்றும் இருந்தால், வலிப்பு உள்ளவரின் வாழ்க்கையும் அப்படி நிற்காமல் நடக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவருக்கு வலிப்பு வந்தால், சாவியைத் தேடாதீர்கள். மறுநாள் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'ராத்திரி தூங்கினீங்களா? மனசு எப்படி இருக்கு?'